லைன் கிளியர் வாங்கியாச்சு... அப்புறம் ஏன் ஷாக்?

மின்சாரம், குடிநீர், கழிவுநீர் என்று அடிப்படைச் சேவை தரும் நிறுவனங்களில் வேலை பார்க்கும் வாசகர்கள் பணியிடப் பாதுகாப்பு பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஹெல்மெட், கையுறை, பெல்ட் எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று. சுவர் முழுக்க எச்சரிக்கை வாசகம். ஆனாலும் எங்கள் ஆட்கள் வெறுங்கையோடுதான் வேலை செய்கிறார்கள். இந்த அலட்சியத்தை எப்படித் திருத்துவது?
– மேற்பார்வையாளர், மின்பகிர்மானப் பிரிவு

பதில்: அலட்சியம் என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்தக் கையுறையை நீங்களே மாட்டிக்கொண்டு ஒரு நட்டைத் திருகிப் பாருங்கள். பல இடங்களில் ஒரே கனமான ஜோடியை எல்லா வேலைக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ரப்பர் கையுறையில் வகுப்புகள் உண்டு. ‘கிளாஸ் 0’ 1,000 வோல்ட் வரை, ‘கிளாஸ் 2’ 17,000 வோல்ட் வரை தாங்கும். தாழ்வழுத்த வேலைக்கு கிளாஸ் 2-ஐக் கொடுத்தால் விரல் மடங்காது, நட்டு நழுவும். இரண்டு முறை பார்த்துவிட்டு ஆள் அதைக் கழற்றி இடுப்பில் செருகிவிடுவார். எல்லாருக்கும் ஒரே அளவு வாங்கியிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து, கருவிப்பெட்டியைத் திறந்து பாருங்கள். ஸ்பேனருக்கும் கட்டிங் பிளேயருக்கும் அடியில் கையுறை மடிந்து கிடக்கிறதா? மடிப்பு விழும் இடத்தில்தான் ரப்பர் முதலில் வெடிக்கும். எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊதிப்போகும். தனிப் பையில், மடிக்காமல், விரல்நுனி மேலே இருக்கும்படி தொங்கவிட வேண்டும். மேலே தோல் உறை கட்டாயம். ஒவ்வொரு நாளும் மாட்டும் முன் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து சுருட்டி உள்ளே காற்றை அடைத்து, கன்னத்தருகே பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும். ஊசித்துளை இருந்தால் காற்று சுள்ளென்று கன்னத்தில் படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்னழுத்தச் சோதனைக்கு அனுப்பித் தேதி முத்திரை குத்த வேண்டும். தேதி கடந்த கையுறையைக் கையில் கொடுத்துவிட்டுப் ‘பாதுகாப்பே முதன்மை’ என்று சொன்னால், இதெல்லாம் ஒப்புக்கு என்று அவர்கள் சரியாகவே புரிந்துகொள்வார்கள். ஜீப்பிலிருந்து தலையில் ஒன்றும் இல்லாமல் இறங்கும் அதிகாரியைப் பார்த்தாலும் அப்படித்தான்.

சுவர் வாசகம் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்து அதை யாரும் படிப்பதில்லை.

கேள்வி: முறைப்படி லைன் கிளியர் (லைனை நிறுத்தி வேலை செய்யத் தரும் அனுமதி) வாங்கி, சுவிட்சைத் திறந்துவிட்டுத்தான் ஏறுகிறோம். அப்படியும் ஷாக் அடித்த சம்பவங்களைக் கேள்விப்படுகிறோம். எங்கே தப்பு நடக்கிறது?
– லைன்மேன்

பதில்: லைன் கிளியர் ஒரு காகிதம். கம்பியில் மின்சாரம் இல்லை என்பதைக் காகிதத்தால் சொல்ல முடியாது. சுவிட்சைத் திறந்த பிறகும் மின்சாரம் வந்துசேர வழிகள் உண்டு. ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரை மாற்று சுவிட்ச் இல்லாமல் இணைத்திருப்பார்கள். அது டிரான்ஸ்பார்மரின் தாழ்வழுத்தப் பக்கம் நுழைந்து, மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறி வரும். இதுதான் பேக் ஃபீட். பக்கத்தில் இணையாக ஓடும் உயிருள்ள லைன், செத்த லைனிலும் தூண்டல் மின்னழுத்தத்தை ஏற்றும். இன்னொன்று கண்ணெதிரே நடப்பது: கைப்பிடியை இழுத்தால் சுவிட்சின் மூன்று பிளேடும் திறக்க வேண்டும், ஆனால் துருப்பிடித்த ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஒன்று, இரண்டு, மூன்று என்று இடைவெளியை எண்ணுங்கள். கைப்பிடி கீழே வந்துவிட்டது என்பது போதாது.

வரிசை இதுதான். கம்ப எண்ணையும் ஃபீடர் (மின்சாரம் கொண்டுவரும் லைன்) பெயரையும் சொல்லி, மறுமுனையில் இருப்பவரைத் திரும்பச் சொல்லவைப்பது. திறப்பது. இடைவெளியைக் கண்ணால் பார்ப்பது. பூட்டுவது, சாவி வேலை செய்பவரின் சட்டைப்பையில். பிறகு சோதனை. சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் வைத்துப் பாருங்கள், அப்புறம் உங்கள் லைனில், மறுபடி அந்த உறுதியான இடத்தில். மூன்றாவது படியைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். நடுவில் பேட்டரி போயிருந்தால், செத்த கருவி காட்டும் ‘இல்லை’யும் செத்த லைன் காட்டும் ‘இல்லை’யும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கடைசியாக எர்த், அதாவது கம்பியைத் தரையோடு இணைப்பது. வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் போட வேண்டும், ஏனென்றால் பேக் ஃபீட் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். முதலில் தரைப்பக்க கிளாம்பை இறுக்கி, பிறகு காப்புக் கோலால் கம்பியில் மாட்டுங்கள். கழற்றும்போது கம்பிப்பக்கம் முதலில், தரைப்பக்கம் கடைசியில். இந்த வரிசை மாறினால் எர்த் வயரே உயிருள்ள வயராகி உங்கள் கையில் இருக்கும்.

ஒரே ஃபீடரில் இரண்டு குழு இருந்தால் இரண்டு பெர்மிட் (வேலை அனுமதிச் சீட்டு), இரண்டு பூட்டு. ஷிப்ட் மாறும்போது பெர்மிட்டை நேருக்கு நேர் நின்று கைமாற்ற வேண்டும். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். இரவு ஷிப்டுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. அந்தப் பம்பை ஓட்டினார்கள். வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். பெர்மிட் முறை அங்கேயும் இருந்தது.

கேள்வி: ‘மயிரிழையில் தப்பிய’ சம்பவங்களை எழுதித் தரச் சொன்னோம். 400 பேர் வேலை செய்யும் இடத்தில் ஆறு மாதத்தில் வந்தது நான்கே நான்கு. மாதம் ஆளுக்கு ஒன்று கட்டாயம் என்று ஆக்கலாமா?
– பாதுகாப்பு அலுவலர்

பதில்: வேண்டாம். கட்டாயமாக்கினால் மாதக் கடைசியில் ‘தரையில் தண்ணீர் சிந்தியிருந்தது’ என்று 400 தாள் வரும். அதைப் படிக்கவே உங்களுக்கு நேரம் இருக்காது.

அந்த நான்கு பேருக்கு அப்புறம் என்ன நடந்தது என்று விசாரியுங்கள். ஒருவருக்கு மெமோ போயிருந்தால், மற்ற 396 பேருக்கும் அது தெரியும். படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கம் இருந்து, முதல் கேள்வியே ‘யார் தவறு?’ என்று இருந்தால் யார் எழுதுவார்? எங்கே, என்ன, எது தடுத்தது என்று மூன்று வரி போதும். வாட்ஸ்அப் குரல் பதிவாக வந்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு வாரத்துக்குள் சொன்னவருக்குப் பதில் போக வேண்டும்: சரிசெய்தோம், அல்லது இன்ன காரணத்தால் இப்போது முடியவில்லை. முதல் சில பதிவுகளை மேற்பார்வையாளர்கள் தங்கள் சொந்தத் தவறைப் பற்றியே எழுதினால் பூட்டு திறக்கும்.

தண்டனையே கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். அதே பயிற்சியுள்ள இன்னொருவர் அதே இடத்தில் இருந்திருந்தால் அதையே செய்திருப்பாரா என்று யோசியுங்கள். ஆம் என்றால் கோளாறு வேலை அமைப்பில் இருக்கிறது, ஆளை மாற்றிப் பயனில்லை. மற்ற யாருமே செய்யத் துணியாததை ஒருவர் தெரிந்தே செய்திருந்தால் அது வேறு விஷயம், நடவடிக்கை எடுங்கள்.

கேள்வி: ‘விபத்தில்லாத 500 நாள்’ என்று பலகை வைத்து, 500 ஆனதும் எல்லாருக்கும் ஊக்கத்தொகை அறிவித்திருக்கிறோம். சரியான வழிதானே?
– மனிதவளத் துறை

பதில்: 497-வது நாளில் ஒருவர் விரலை நசுக்கிக்கொண்டால், கூட்டாளிகளே அவரை ‘வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்’ என்பார்கள். அதற்குத்தான் நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள்.

கணக்கும் ஏமாற்றும். 200 பேர், ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 மணி நேரம் என்றால் மொத்தம் 4 லட்சம் மணி. பத்து லட்சம் மணிக்கு இத்தனை காயம் என்று கணக்கிட்டால், ஒரு காயம் 2.5, இரண்டு காயம் 5. ஒருவர் படியில் வழுக்கியதால் ‘பாதுகாப்பு பாதியாகக் குறைந்தது’ என்று அறிக்கை எழுத வேண்டிவரும். 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். தனிநபர் காய விகிதம் குறைந்திருப்பதைப் பார்த்தே நிர்வாகம் நிம்மதியாக இருந்தது என்பது பின்னர் நடந்த விசாரணைகளில் வெளிவந்தது.

பலகையில் வேறு எண்களைப் போடுங்கள். திடீரென்று போய்ப் பார்த்த பெர்மிட்டுகளில் எத்தனையில் இரண்டு பக்கமும் எர்த் இருந்தது, ஊழியர்கள் சொன்ன குறைகளில் 30 நாள் தாண்டியும் சரிசெய்யாதவை எத்தனை, எத்தனை முறை யாராவது வேலையை நிறுத்தச் சொன்னார்கள். கடைசி எண் பூஜ்யமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

கேள்வி: மேன்ஹோலில் மூக்கை வைத்துப் பார்த்து, நாற்றம் இல்லை என்றால் இறங்கலாமா?
– கழிவுநீர்ப் பிரிவு ஊழியர்

பதில்: கூடவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். அதாவது ஆபத்து கூடக் கூட நாற்றம் காணாமல் போகும். ஆள் இறங்காமல் இயந்திரத்தால் முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியாத நிலை என்றால், வாயுமானியைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்பைடு அடியில் தங்கும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதம், எரியும் வாயு அது வெடிக்கத் தொடங்கும் குறைந்தபட்ச அளவில் 10 சதவீதத்துக்குக் கீழ், ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்குக் கீழ் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் வரை அளவீடும் காற்றோட்டமும் நிற்கக் கூடாது, ஏனென்றால் சேற்றைக் கிளறினால் வாயு புதிதாகக் கிளம்பும். உடம்பு முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்புப் பட்டை, மேலே மூன்று கால் தாங்கியும் ஆளைத் தூக்கும் வின்ச்சும் வேண்டும். மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பதால்தான் ஒரே குழியில் இரண்டு மூன்று உயிர் போகிறது.

கேள்வி: எர்த் போடாமல் சீனியர் வேலையைத் தொடங்குகிறார். நான் பயிற்சியாளன். எப்படிச் சொல்வது?
– பெயர் வேண்டாம்

பதில்: வாதாட வேண்டாம். “அண்ணே, ஒரு நிமிஷம், எர்த்தைப் பார்க்கல” என்று சொன்னாலே போதும். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் யாராக இருந்தாலும் கையை எடுக்க வேண்டும் என்பதைக் குழுவில் காலையிலேயே பேசி வைப்பது உங்கள் பொறியாளரின் வேலை. சந்தேகம் பொய்யாகப் போனாலும் நிறுத்தியவரை யாரும் கிண்டல் செய்யக் கூடாது.

பொறியாளருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் சீனியர் எர்த்தை மறக்கவில்லை. ஏறுவதற்கு முன் பத்து நிமிடத்தில் அவருக்கு நான்கு போன் வந்திருக்கும், “எப்போ கரண்ட் வரும்?” என்று. வேலை முடியும் வரை குழுத்தலைவரின் போனை அலுவலகத்தில் வேறொருவர் எடுக்கட்டும்.