குடி, தூக்க மாத்திரை, புகையிலை: எதை முதலில் நிறுத்துவது?

கேள்வி: சாலை விபத்தில் நண்பர் கண்ணெதிரே இறந்ததிலிருந்து என் கணவர் குடி, தூக்க மாத்திரை, புகையிலை என்று மூன்றுக்கும் பழகிவிட்டார். எதை முதலில் நிறுத்தச் சொல்வது?

கெஞ்சியும் சண்டையிட்டும் ஓய்ந்த பிறகுதான் இப்படிக் கேட்டிருப்பீர்கள். என் அப்பாவிடம் நானும் அப்படித்தான் ஓய்ந்தேன். நான் மருத்துவர் அல்ல. ஆனாலும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடியையும் தூக்க மாத்திரையையும் நீங்களாகவே வீட்டில் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நான் அதைச் செய்தவள்.

அப்பா ஒரு நகராட்சியில் துப்புரவுத் தொழிலாளி. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடல்களை அகற்ற வெளியூர்த் தொழிலாளர்களை லாரிகளில் அழைத்துப் போனபோது அப்பாவும் போனார். கீச்சாங்குப்பத்தில், கவிழ்ந்த விசைப்படகுகளுக்கு அடியிலும் கருவேல முள்ளிலும் சிக்கிக் கிடந்தவர்களை எடுப்பது அவருக்குக் கிடைத்த வேலை. மேற்பார்வையாளர் ஒருவர் காலையிலேயே ஆளுக்கொரு குவார்ட்டர் கொடுத்து, "போட்டுக்கப்பா, நாத்தம் தெரியாது" என்றாராம். அவர் இரக்கப்பட்டுத்தான் கொடுத்தார் என்றே அப்பா இன்றும் சொல்கிறார். அதுவரை தீபாவளிக்கு மட்டும் குடித்தவர் அப்பா. ஒன்பதாம் நாள் ஊர் திரும்பியவர், செருப்பைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்குள் வந்தார்.

பிறகு மாலையில் குடித்தால்தான் உறக்கம் என்றானது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அலறிக்கொண்டு எழுந்துவிடுவார். மது முன்னிரவில் கனவு காணும் உறக்கத்தை அமுக்கி வைக்கிறது, அதன் வேகம் இறங்கும் பின்னிரவில் கனவுகள் இரட்டிப்பாகத் திரும்புகின்றன என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. அந்த இரண்டு மணிக்காகத்தான் பதற்றத்தைத் தணித்துத் தூங்கவைக்கும் அல்பிரசோலம் வந்தது. மருத்துவரின் சீட்டு இருந்தால்தான் தர வேண்டிய அந்த மாத்திரையை, எங்கள் தெரு மருந்துக்கடையில் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுத்தார்கள். காலையில் தலை கனத்துக் கிடக்கும். வேலைக்கு எழ வேண்டுமே என்று புகையிலையை வாயில் அடக்கிக்கொள்வார். வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு மூன்று கெட்ட பழக்கங்கள். உள்ளே ஒன்று விட்ட ஓட்டையை அடைக்க இன்னொன்று வந்திருந்தது.

2011-இல் ஒரு நாள் புட்டி, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒளித்துவைத்து வீட்டைப் பூட்டினேன். இரண்டாம் நாள் இரவு அப்பாவுக்கு வலிப்பு வந்தது. மதுவும் அல்பிரசோலமும் மூளையை அடக்குவது ஏறக்குறைய ஒரே வழியில்தான். அதனால்தான் இரண்டையும் சேர்த்து எடுத்தால் மூச்சே அடங்கக்கூடும். பழகிய உடலிலிருந்து இரண்டையும் ஒருசேரப் பறித்தால் அடக்கி வைத்ததெல்லாம் திமிறிக்கொண்டு எழும். இதை மருத்துவமனை வராந்தாவில் ஒரு செவிலியர்தான் எனக்குச் சொன்னார்.

அடுத்து ஒரு போதை மீட்பு மையத்தில் முப்பது நாள் வைத்திருந்தோம். குடியை நிறுத்தினார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடற்கரையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "முதலில் குடி போகட்டும், மனதை அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். தெளிந்த தலையோடு வீடு வந்தவரிடம் கனவுகளும் தெளிவாகவே வந்தன. ஆறாம் நாள் மறுபடி குடித்தார்.

கடைசியில் ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர், எவ்வளவு குடிக்கிறார் என்று கேட்பதற்கு முன்பே, "எந்தெந்த நாளில் அதிகம் குடிக்கிறார்?" என்று கேட்டார். நான் விழித்தேன். அப்பாதான் தரையைப் பார்த்தபடி, "பிளீச்சிங் பவுடர் போடுற அன்னிக்கு" என்றார். நாகையில் உடல்கள் கிடந்த இடமெல்லாம் தூவியதும் அதே பவுடர்தான். ஏழு ஆண்டுகளாக வாரம் இரண்டு முறை ஊர்ச் சாக்கடைகளில் அதைத் தூவிக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அவர் கீச்சாங்குப்பத்துக்குப் போய்வந்திருக்கிறார்.

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று அந்த மருத்துவர் எழுதிக்கொடுத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இலேயே தன் நோய்ப் பட்டியலில் சேர்த்த பெயர் அது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர அத்தனை காலம் ஆனது. மதுவை மருத்துவமனையில் சேர்த்துவைத்து நிறுத்தினார்கள். அல்பிரசோலத்துக்குப் பதிலாக உடலில் நீண்ட நேரம் தங்கி வேலை செய்யும் வேறொரு மாத்திரையைக் கொடுத்து, அதைப் பல மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். கெட்ட கனவுக்கு ரத்த அழுத்த மருந்தான பிரசோசின் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அது கேட்பதில்லை என்கிறார்கள், அப்பாவுக்குக் கேட்டது. அந்த மாதங்களிலேயே கடற்கரையைப் பற்றிய பேச்சையும் வாரந்தோறும் எடுத்தார்கள்.

குடிகாரனுக்கு மகள் வக்காலத்து வாங்குகிறாள் என்று யாராவது எழுதலாம். குடிக்கிறவர்கள் எல்லோருக்கும் பின்னால் ஒரு சுனாமி இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அப்பா அம்மாவை அடித்த நாட்களும் உண்டு, அதை இந்த நோயின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் பறிகொடுத்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல ஆள் வந்த அதே ஊரில், பிணம் தூக்கியவர்களிடம் "தூங்குகிறாயா?" என்று கேட்க ஒருவரும் வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

எனவே எதை முதலில் என்ற முடிவை, மூன்றையும் அந்த விபத்தையும் சேர்த்துக் கேட்கும் ஒரு மனநல மருத்துவரிடம் விடுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) தமிழிலேயே பேசலாம். போகும்போது அவர் எந்தெந்த நாளில், எந்த நேரத்தில், எதை எடுக்கிறார் என்று இரண்டு வாரத்துக்குக் குறித்துக்கொண்டு போங்கள்.

அப்பா புகையிலையை இன்னும் விடவில்லை. மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார், நான் கேட்பதில்லை.