பால் மட்டும் ஏன் வெள்ளை?

கேள்வி: உப்புத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. பாலும் கரைசல்தானே, அது ஏன் வெள்ளை? எலுமிச்சை பிழிந்தால் ஏன் திரிகிறது?

பதில்: பால் வெறும் கரைசல் இல்லை, கூழ்மம், அதாவது நுண்துகள்கள் கரையாமல் மிதக்கும் கலவை. உப்பு தண்ணீரில் அயனிகளாக, அதாவது ஒளியைச் சிதறடிக்க முடியாத அளவுக்குச் சின்னஞ்சிறு மின்சுமைத் துகள்களாகப் பிரிந்துவிடுகிறது. பாலிலோ கேசீன் என்ற புரதம் சுமார் 100, 200 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள உருண்டைகளாகவும், கொழுப்பு அதைவிடப் பெரிய துளிகளாகவும் மிதக்கின்றன, அவை ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால்தான் அந்த வெள்ளை. இன்று ராத்திரியே சோதித்துப் பாருங்கள். கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ரெண்டு சொட்டுப் பால் விட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் டார்ச் அடித்தால், ஒளி போகும் பாதை கோடு போட்ட மாதிரி தெரியும். உப்புத் தண்ணீரில் தெரியாது. இதுதான் டிண்டால் விளைவு, எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

சரி, எலுமிச்சை? கேசீன் உருண்டைகள் எல்லாவற்றின் மேலும் ஒரே மாதிரி எதிர் (நெகட்டிவ்) மின்சுமை இருக்கிறது, ஒன்றையொன்று தள்ளுவதால் ஒட்டாமல் நிற்கின்றன. புளிப்பு ஏறி, பிஹெச் (புளிப்பைக் காட்டும் அளவு, புளிப்பு ஏற ஏற இது இறங்கும்) 4.6 பக்கம் வந்ததும் அந்தச் சுமை அடங்கி, எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிடுகின்றன. பனீர் அதுதான். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், அதிலும் கொஞ்சம் புரதம் இருக்கிறது, சப்பாத்தி மாவு பிசையலாம்.