உள்ளூர்க் களிமண்ணில் நிக்கல் ஏற்றிப் பழைய எண்ணெயை டீசலாக்குவது வீண்வேலையா?

கேள்வி: கொழும்பில் இரசாயனவியல் படிக்கிறேன். இறுதியாண்டு ஆய்வுக்கு, இலங்கைக் களிமண்ணில் நிக்கல் ஏற்றி ஊக்கி (இரசாயனத் தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள்) செய்து, பழைய சமையல் எண்ணெயை டீசலாக மாற்றிப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன். பிளாட்டினம், பலேடியம் எல்லாம் இருக்கும்போது களிமண் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வீண்வேலையா?

பதில்:

வீண்வேலை இல்லை, தாராளமாகச் செய்யுங்கள். நானும் கொழும்பில் ஊக்கிகளோடுதான் வேலை செய்கிறேன். உங்கள் நண்பர்கள் உலோகத்தை மட்டும் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்த உலோகம் என்பதைவிட அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இதில் பெரிய கேள்வி.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் சொல்வது பயோடீசல் அல்ல, புதுப்பிக்கத்தக்க டீசல். பயோடீசலில் எண்ணெயை மெதனோலோடு சேர்த்து எஸ்தராக்குவோம், ஒட்சிசன் மூலக்கூறிலேயே தங்கிவிடும். புதுப்பிக்கத்தக்க டீசலில் ஐதரசனைக் கொண்டு அந்த ஒட்சிசனை முழுவதும் கழற்றிவிடுகிறோம். மிஞ்சுவது வெறும் ஐதரோகாபன். அதனால்தான் அதைச் சாதாரண டீசலோடு தாராளமாகக் கலக்க முடிகிறது. இது ஆய்வுகூடத்தோடு நின்றுவிட்ட விஷயமும் அல்ல. பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் போர்வோவில் 2007இலேயே ஆலையைத் தொடங்கிவிட்டது, பிறகு சிங்கப்பூரிலும் ரொட்டர்டாமிலும் கட்டியது.

சரி, ஒட்சிசனைக் கழற்றுவதற்கு இரண்டு முக்கிய வழிகள். ஒன்று, அதை நீராக வெளியேற்றுவது. ஒரு நிரம்பிய கொழுப்பு மூலக்கூறுக்கு இதற்கு 12 ஐதரசன் மூலக்கூறுகள் வேண்டும். கொழுப்பமிலத்தில் 18 காபன் இருந்தால் டீசலிலும் 18 காபன் கிடைக்கும். மற்றது, காபனீரொட்சைட்டாக வெளியேற்றுவது. இதற்கு 3 ஐதரசன் போதும், ஆனால் ஒவ்வொரு சங்கிலியிலும் ஒரு காபன் போய்விடும், 17தான் மிஞ்சும். கந்தகம் ஏற்றிய நிக்கல்-மொலிப்தனம் முதல் வழிக்கு அதிகம் சாயும். கந்தகமில்லாத நிக்கலும் பலேடியமும் இரண்டாவது வழிக்குச் சாயும். ஐதரசன் விலையான நம் நாட்டுக்கு இரண்டாவது வழி மனதுக்கு நெருக்கமானது. ஆனால் நிக்கலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: வெளிவந்த காபனீரொட்சைட்டையே பிடித்து மெதேனாக்கிவிடும். ஒரு மூலக்கூறுக்கு 4 ஐதரசன் அதிலே வீணாகும். ஆகவே வாயுவையும் அளக்காமல், திரவத்தை மட்டும் பார்த்து "ஐதரசன் மிச்சம்" என்று எழுதிவிடாதீர்கள்.

இனித் தாங்கிக்கு, அதாவது உலோகம் உட்காரும் களிக்கு, வருவோம். நிக்கல் நைத்திரேற்றுக் கரைசல் நல்ல பச்சை. வெள்ளைக் களித்தூளில் அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளற வேண்டும். புட்டுக்கு மா குழைக்கிற பதம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். அதற்கு மேல் ஒரு சொட்டு விட்டாலும் கரைசல் துளைகளுக்குள் போகாமல் வெளியே தேங்கி, காயும்போது நிக்கல் கட்டியாகிவிடும். உலர்த்தி, 450 பாகை செல்சியஸ் அளவில் சுட்டால் கபில நிற நைதரசன் ஈரொட்சைட்டு கிளம்பும். அது நச்சு, புகைக்கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும். பிறகு ஐதரசனில் ஒடுக்கினால், அதாவது ஒட்சிசனை நீக்கி நிக்கலை உலோகமாக்கினால், தூள் கறுத்துவிடும், காந்தத்தில் ஒட்டவும் கூடும். அந்தக் கறுப்புத் தூளை அப்படியே காற்றில் கொட்டினால் சிவந்து எரியலாம், கவனம்.

பலர் சறுக்குவது இந்த ஒடுக்கத்தில்தான். தனி நிக்கல் ஒட்சைட்டு 400 பாகைக்குள்ளேயே ஒடுங்கிவிடும். களிமண்ணிலோ நிக்கலில் ஒரு பகுதி சிலிக்கேற்றாகக் களியின் படலங்களோடு பிணைந்துவிடும். அதை ஒடுக்க 600 பாகைக்கும் மேலே போக வேண்டியிருக்கும். 400இல் நிறுத்திவிட்டு "களிமண் ஊக்கி வேலை செய்யவில்லை" என்று முடிவெடுப்பது களிமண்ணுக்குச் செய்யும் அநியாயம். வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே ஐதரசன் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதே பிணைப்புக்கு ஒரு நன்மையும் உண்டு: ஒருமுறை ஒடுங்கிவிட்டால் துணிக்கைகள் சின்னதாகவே இருக்கும், லேசில் ஒன்றோடொன்று திரளாது.

எந்தக் களி? கொழும்பிலிருந்து பஸ் ஏறினால் பொரலஸ்கமுவ கயோலின் கிட்டத்தில்தான் இருக்கிறது. ஆனால் கயோலினின் மேற்பரப்பு மிகக் குறைவு. ஒரு கிராமுக்கு 10, 20 சதுர மீற்றர்தான் வரும். வழமையான அலுமினாவில் 200 அளவில் கிடைக்கும். கயோலினை 600, 700 பாகையில் சுட்டு, அமிலத்தில் கழுவி அலுமினியத்தில் ஒரு பகுதியை வெளியே எடுத்தால் துளைகள் திறக்கும். சோடியம் ஐதரொட்சைட்டோடு சூடாக்கினால், நுண்துளைகள் நிறைந்த சியோலைட்டாகவே மாற்றலாம். மன்னார் முருங்கன் களியோ மொண்ட்மொரிலோனைட் வகை, படலங்களுக்கு இடையே அயன்களை மாற்றிக்கொள்ளும். நானாக இருந்தால் முருங்கனைத்தான் எடுப்பேன். இரண்டிலும் இயற்கையான இரும்பு இருக்கும். அதை அளந்து எழுதாவிட்டால் வேலை செய்தது நிக்கலா இரும்பா என்று பரீட்சகர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.

களியின் மேற்பரப்பில் அமிலம்போல் செயற்படும் இடங்களும் (அமிலத் தளங்கள்) சும்மா இருப்பதில்லை. அளவோடு இருந்தால் நேரான சங்கிலியைக் கிளைவிடச் செய்யும். இது நமக்குக் கட்டாயம் தேவை. 17 காபன் நேர்ச்சங்கிலி 22 பாகையிலும், 18 காபன் 28 பாகையிலும் உறையும். கொழும்பு வெயிலில் திரவமாக இருக்கும் எரிபொருள் நுவரெலியா இரவில் மெழுகாகிவிடும். அமிலம் மிஞ்சினாலோ சங்கிலி துண்டு துண்டாகி வாயுவாகும், கரி படிந்து ஊக்கி செத்துவிடும்.

எண்ணெயைப் பற்றி நீங்கள் எடுத்த முடிவு மிகச் சரி. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி 12 காபன் லோரிக் அமிலம். அது விமான எரிபொருள் பக்கம் போகும், அதோடு அது நம் சமையலுக்கு வேண்டிய பொருள். வடையும் ரோல்ஸும் பொரித்து மிஞ்சும் எண்ணெய்தான் பொருத்தம். அதில் கட்டற்ற கொழுப்பமிலம் அதிகம். பயோடீசலில் காரம் சேர்த்தால் அது சோப்பாகித் தொல்லை தரும், இங்கே அந்தப் பிரச்சினை இல்லை. தொல்லை தருவது உப்பும் பொசுபரசும். இரண்டும் ஊக்கியை மெல்ல மூடிவிடும். அமிலமேற்றிய களிமண்ணாலேயே எண்ணெயை முதலில் வடிகட்டலாம். சமையல் எண்ணெய் ஆலைகளில் நிறம் நீக்குவதும் அந்தக் களியால்தான்.

உண்மையான தடை ஐதரசன். 300க்கு மேற்பட்ட பாகை, பல பத்து வளிமண்டல அழுத்தம், இதெல்லாம் வடைக்கடைக்குப் பின்னால் வைத்துச் செய்யும் வேலை இல்லை. 1969இலிருந்து இயங்கும் சப்புகஸ்கந்த போன்ற ஒரு சுத்திகரிப்பு ஆலையில், மசகெண்ணெயிலிருந்து வரும் டீசலோடு சிறு பங்காகச் சேர்த்துப் பதப்படுத்துவதுதான் நமக்கு நடைமுறையான வழி என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த மாதிரி இடத்தில் டீசலில் கந்தகம் இருக்கும், கந்தகமேற்றாத நிக்கல் அதனால் செயலிழந்துவிடும். ஆகவே நிக்கலோடு மட்டும் நிற்காமல், அதே களியில் நிக்கல்-மொலிப்தனமும் ஏற்றிக் கந்தகமிட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம், உலோகமே ஏற்றாத வெறும் களியையும் அதே வெப்பநிலையில், அதே அழுத்தத்தில் ஒருமுறை ஓட்டுங்கள். ஒரே ஊக்கியைக் கழுவித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி, ஒவ்வொரு தடவையும் விளைவு எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அழுத்தக்கலனைத் திறக்கும்போது பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.