தண்டம் என்று எழுதாதீர்கள்

அன்புள்ள ஐயா,
உங்கள் கட்டுரையைப் படித்த பிறகுதான் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பிளாஸ்டிக் வீரர்களைச் சேர்க்கத் தொடங்கினேன். இப்போது அந்தப் போரில் கெட்டிஸ்பர்க் என்ற ஊரில் நடந்த சண்டையின் மூன்றாம் நாளை மேசையில் அமைக்கிறேன், படம் இணைத்துள்ளேன். துப்பாக்கிகளில் பெயிண்ட் உரிகிறது, என்ன செய்யலாம்? அடிபட்டு விழும் உருவங்கள் தண்டம், தூக்கிப் போடுகிறேன். மனைவி இதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறாள்.
ஆர்.

அன்புள்ள ஆர்.,

பாத்திரம் கழுவும் சோப்பில் நன்றாகக் கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்துப் பெயிண்ட் பூசுங்கள். மேலே வார்னிஷ். வளைந்த துப்பாக்கியைச் சுடுதண்ணீரில் முக்கி நிமிர்த்தி, உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள். வீட்டில் சொல்வதை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் அங்குல ஆளுக்குப் பொத்தான்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறீர்கள். இவ்வளவு பொறுமையுள்ள மனிதர் எப்படித் ‘தண்டம்’ என்று எழுதினீர்கள்?

1863 ஜூலை 3 பிற்பகல், தென்மாநிலங்களின் படையினர் சுமார் 12,500 பேர் மறைவில்லாத வயலில் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் செத்தார்கள், காயம்பட்டார்கள், பிடிபட்டார்கள். உங்கள் மேசையில் ஒருவன்கூட விழவில்லை. பீரங்கியைத் திருப்பி வைத்தால் சுதந்திர தின அணிவகுப்பு என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் நடந்ததையும் யோசியுங்கள். சுமார் 2,400 பேர் வாழ்ந்த ஊரில் 20,000-க்கும் மேற்பட்ட காயம்பட்டவர்களை விட்டுவிட்டுப் படைகள் போய்விட்டன. தேவாலயம், தானியக் களஞ்சியம், வீட்டுக் கூடம் எல்லாம் ஆஸ்பத்திரி ஆயின. அன்றைய துப்பாக்கிகளில் போட்ட மினியே குண்டு மெத்தென்ற ஈயம். எலும்பில் பட்டால் நொறுக்கிவிடும், கையையோ காலையோ வெட்டத்தான் வேண்டும். அந்தப் போர் முழுக்கச் செத்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரை வயிற்றுப்போக்கும் டைபாய்டும் போன்ற நோய்கள்தான் கொண்டுபோயின. போரைச் சேகரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு இவர்களைக் குப்பையில் போட உங்களுக்கு உரிமையில்லை.

எதிரணியான வடமாநிலங்களின் படையில் லெட்டர்மேன் என்ற மருத்துவர் 1862-லேயே காயம்பட்டவர்களைத் தூக்கிவரத் தனி ஆட்களையும் வண்டிகளையும் ஏற்பாடு செய்திருந்தார். அவர்களை நான் இப்படிச் செய்தேன்: நடக்கும் வீரர்கள் இருவரின் துப்பாக்கியைப் பிளேடால் சீவினேன். இரண்டு ஈர்க்குச்சி, பழைய வேட்டியில் ஒரு துண்டு, ஸ்ட்ரெச்சர் தயார். நீங்கள் தூக்கிப் போடுகிற அதே உருவத்தை அதில் கிடத்தினேன். முன்னால் போகிறவனைச் சுடுதண்ணீரில் முக்கி, பாரத்தில் தோள் இறங்கினாற்போல் வளைத்தேன். செய்து பாருங்கள், உங்கள் கைக்கு இன்னும் நன்றாக வரும்.

போட்டவை இன்னும் குப்பைக்கூடையில் கிடந்தால் இன்றே எடுத்து வையுங்கள். வேண்டவே வேண்டாம் என்றால் எனக்கு அனுப்புங்கள், தபால் செலவு என்னுடையது.