பிளாஸ்மா, க்னோம்: எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம்? கேள்வி பதில்

கேடிஇ பிளாஸ்மா, க்னோம் இரண்டும் லினக்ஸ் டெஸ்க்டாப்கள். பதில்கள் பிளாஸ்மா 6, க்னோம் 45 முதலான பதிப்புகளுக்குப் பொருந்தும். வேறு டெஸ்க்டாப் என்றால் அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறது.

ஹரி: முதன்முறையா பிளாஸ்மா போட்டிருக்கேன் சார். சிஸ்டம் செட்டிங்ஸைத் திறந்தாலே தலை சுத்துது. முதல் நாளே எதையெல்லாம் மாத்தணும்?

பதில்: உங்கள் கண்ணுக்கும் கைக்கும் வன்பொருளுக்கும் தொடர்புள்ளதை மட்டும். திரையின் ஸ்கேல் (14 அங்குல ஃபுல் எச்டி லேப்டாப் என்றால் 125% வைத்துப் பாருங்கள்), டச்பேடில் தட்டினால் கிளிக் ஆகிறதா, ஸ்க்ரோல் எந்தத் திசையில் போகிறது, கீபோர்டு லேஅவுட், எத்தனை நிமிடத்தில் தூங்கப் போக வேண்டும். இவற்றை டெவலப்பர் யாரும் உங்களுக்காக ஊகிக்க முடியாது. தீம், ஐகான், பேனல் எல்லாம் ஒரு வாரம் போகட்டும். அந்த வாரத்தில் எது திரும்பத் திரும்ப உறுத்துகிறதோ அதை மட்டும் மாற்றுங்கள்.

செல்வி: பிளாஸ்மா 5-ல் ஒரு கிளிக்கில் ஃபோல்டர் திறந்தது. 6-க்கு அப்கிரேட் பண்ணதும் இரண்டு கிளிக் கேக்குது. நான் எந்த செட்டிங்கையும் தொடவே இல்லையே?

பதில்: தொடாததால்தான் மாறியது. கேடிஇ நிரல்கள் டீஃபால்ட் மதிப்புகளை (நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காதபோது இருப்பவை) உங்கள் கணக்கில் எழுதி வைப்பதில்லை. ஹோமுக்குள் இருக்கும் டாட்-கான்ஃபிக் ஃபோல்டரில் கேடிஇகுளோபல்ஸ், க்வின்ஆர்சி போன்ற கோப்புகள் இருக்கும். அவற்றில் நீங்கள் மாற்றியவை மட்டுமே பதிவாகும். ஒரு விஷயம் அங்கே இல்லை என்றால் நிரல் அடுத்து இடிசியில் (கணினி முழுமைக்கும் பொதுவான அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர்) உள்ள எக்ஸ்டிஜி ஃபோல்டரைப் பார்க்கும். அங்கேயும் இல்லை என்றால் தனக்குள்ளே எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளும். 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 வந்தபோது அந்தக் கடைசி அடுக்கில் ஒரு கிளிக் இரண்டு கிளிக்காக மாறியது. பல டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) அதற்கு முன்பே தங்கள் அடுக்கில் இரண்டு கிளிக் வைத்திருந்ததால் அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

பழையபடி வேண்டுமென்றால் ஜெனரல் பிஹேவியர் பக்கத்தில், கோப்பைக் கிளிக் செய்தால் திறக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அது உங்கள் பெயரில் பதிவாகிவிடும். அடுத்த பதிப்பில் டீஃபால்ட் எப்படி மாறினாலும் உங்களைத் தொடாது. இது இரண்டு பக்கமும் வெட்டும்: எதையாவது மாற்றிய அன்றே, அந்த விஷயத்தில் பின்னால் வரும் மேம்பாடுகளிலிருந்தும் விலகிவிடுகிறீர்கள். எனவே அவ்வப்போது சிஸ்டம் செட்டிங்ஸ் மெனுவில் 'ஹைலைட் சேஞ்ஜ்டு செட்டிங்ஸ்' போட்டுப் பாருங்கள் (5.20-லிருந்தே இருக்கிறது). மாற்றப்பட்ட பக்கங்களுக்குப் பக்கத்தில் புள்ளி விழும். ஏன் மாற்றினோம் என்று நினைவில்லாத எதையும் டீஃபால்ட்ஸ் பட்டனை அழுத்தித் திருப்பிவிடலாம்.

செல்வி: க்னோமிலும் இதேதானா?

பதில்: கிட்டத்தட்ட. ஒரு இடத்தில் மட்டும் பலர் சறுக்குவார்கள். க்னோமின் மதிப்புகள் டிகான்ஃப் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதில் டீஃபால்ட்டுக்குச் சமமான மதிப்பையே நீங்கள் எழுதினாலும் அது 'பயனர் எழுதியது' என்றே நிற்கும். சுவிட்சை ஆன் செய்து மறுபடி ஆஃப் செய்தால் பழைய நிலைக்கு வந்ததுபோல் தெரியும், ஆனால் பதிவு அப்படியே இருக்கும். சுத்தமாக நீக்க ஜிசெட்டிங்ஸ் கட்டளையில் ரீசெட் கொடுக்க வேண்டும், அல்லது டிகான்ஃப் எடிட்டரில் அந்தக் கீயை (அமைப்பின் பெயர்) திறந்து 'டீஃபால்ட்டைப் பயன்படுத்து' என்பதை ஆன் செய்ய வேண்டும்.

பிரகாஷ்: அண்ணே, ஒரு குளோபல் தீம் போட்டேன். அழகா இருக்கு, ஆனா என் பேனலெல்லாம் காணோம்.

பதில்: அப்ளை செய்யும்போது வரும் பெட்டியில் டெஸ்க்டாப் லேஅவுட்டையும் டிக் செய்திருப்பீர்கள். அது நிறங்களோடு நிற்காது, பேனல்களைக் கலைத்துத் தீமில் உள்ளபடி அடுக்கும். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து எடிட் மோடுக்குப் போய், ஆட் பேனல், டீஃபால்ட் பேனல் என்று கொடுத்தால் அடிப்படைப் பேனல் வந்துவிடும்.

இன்னொன்று. குளோபல் தீம் வெறும் படத்தொகுப்பு அல்ல. அதற்குள் ஸ்கிரிப்ட்டும் விட்ஜெட்டும் இருக்கலாம், அவை உங்கள் கணக்கின் அதிகாரத்தோடு ஓடும். 2024 மார்ச்சில் கேடிஇ ஸ்டோரிலிருந்து இறக்கிய ஒரு தீம் ஒரு பயனரின் கோப்புகளையே அழித்தது, கேடிஇ தரப்பு பொதுவில் எச்சரிக்கை விட வேண்டிவந்தது. நிறம் மட்டும் வேண்டுமென்றால் கலர் ஸ்கீம் மட்டும் இறக்குங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, அதில் ஓடுவதற்கு எதுவும் இல்லை.

நிவேதா: க்னோமில் 11 எக்ஸ்டென்ஷன் வெச்சிருக்கேன். ஒவ்வொரு அப்கிரேடுக்கும் பாதி செத்துப்போகுது. க்னோம்காரங்க வேணும்னே பண்றாங்களா?

பதில்: வேண்டுமென்றே இல்லை. எக்ஸ்டென்ஷன்கள் க்னோமுக்குக் கூடுதல் வசதி தரும் குட்டி நிரல்கள். அவற்றுக்கென்று நிலையான ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேச ஒப்புக்கொண்ட வழி) கிடையாது, அவை க்னோம் ஷெல்லின் உள்ளே புகுந்து அதன் குறியீட்டையே நேரடியாக மாற்றுகின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதுப் பதிப்பு வரும்போது உள்ளே ஒரு ஃபங்ஷன் பெயர் மாறினாலும் உடையும். 2023 செப்டம்பரில் வந்த 45-ல் ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூல் முறையே மாறியதால் எல்லா எக்ஸ்டென்ஷனையும் திருத்த வேண்டியிருந்தது. அவை ஷெல்லின் அதே ப்ராசஸில் ஓடுவதால், வேலேண்டில் (விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறை) ஒன்று மோசமாகக் கெட்டால் திறந்திருக்கும் எல்லா விண்டோவும் சேர்ந்து போகும். பதிப்புச் சோதனையை அணைத்துவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

அப்கிரேடுக்கு முன் எக்ஸ்டென்ஷன் மேனேஜர் செயலியில் உள்ள அப்கிரேட் அசிஸ்டன்ட்டை ஓட்டிப் பாருங்கள், எது தேறும் என்று பட்டியல் தரும். பதினொன்றை மூன்றாகக் குறைக்க முடிகிறதா பாருங்கள். டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு, டெஸ்க்டாப் ஐகான், ட்ரே என எல்லாவற்றுக்கும் எக்ஸ்டென்ஷன் தேவைப்படுகிறது என்றால் உங்களுக்குத் தேவை க்னோமே அல்ல. சின்னமன் என்ற டெஸ்க்டாப்போ பிளாஸ்மாவோ இவற்றையெல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தபடியே தருகின்றன.

நிவேதா: ஜிடிகே தீம் கூட சில செயலிகளில் ஏற மாட்டேங்குது.

பதில்: ஜிடிகே என்பது செயலிகளின் பட்டன், மெனுக்களை வரையும் நூலகம். அதன்மேல் க்னோம் கட்டிய லிப்அட்வைட்டாவில் எழுதிய செயலிகள் வெளித் தீமை எடுத்துக்கொள்ளாது. 2022-ல் க்னோம் 42 முதல் இதுதான் நிலை. நிறம் மட்டும் போதுமென்றால் க்னோம் 47-ல் ஆக்சன்ட் கலர் வந்துவிட்டது.

ஆய்வகப் பொறுப்பாளர்: 30 கணினி, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி தொடக்க நிலை வேண்டும். மாணவர்கள் விருப்பப்படி கொஞ்சம் மாற்றலாம். நான் ஒரு கணக்கைச் சரிசெய்து அதன் கான்ஃபிக் ஃபோல்டரை இடிசி ஸ்கெல்லில் காப்பி செய்திருக்கிறேன். சரிதானே?

பதில்: இப்போதைக்கு ஓடும், அடுத்த வருடம் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்கெல் என்பது புதுக் கணக்குகளுக்கான மாதிரி ஃபோல்டர். அதில் இருப்பது கணக்கு உருவாகும் நேரத்தில் ஒரே ஒருமுறை காப்பியாகும். பிறகு நீங்கள் அங்கே எதை மாற்றினாலும் பழைய கணக்குகளுக்குப் போகாது. அதோடு, உங்கள் தேர்வுகள் எல்லாம் மாணவர் தானே தேர்ந்தெடுத்ததாகப் பதிவாகிவிடும். டீஃபால்ட்ஸ் பட்டனை அழுத்தினால் உங்கள் அமைப்புக்குப் போகாமல் கேடிஇயின் அமைப்புக்குப் போகும்.

பிளாஸ்மா என்றால் அதே வரிகளை இடிசிக்குள் எக்ஸ்டிஜி ஃபோல்டரில், அதே கோப்புப் பெயரில் வையுங்கள். முழுக் கோப்பையும் கொட்டாதீர்கள், தேவையான ஐந்தாறு வரி போதும். மாணவர் தொடவே கூடாத வரி என்றால் கீயின் பெயரை ஒட்டி, சமக்குறிக்கு முன்னால், சதுர அடைப்புக்குள் டாலர் குறியும் ஆங்கிலச் சிறிய 'ஐ' எழுத்தும் போட்டால் பூட்டிக்கொள்ளும்.

க்னோம் என்றால் இடிசிக்குள் டிகான்ஃப் ஃபோல்டரில் மூன்று வேலை. ப்ரொஃபைல் கோப்பில் பயனர் தரவுத்தளத்துக்கு அடுத்த வரியில் சிஸ்டம் தரவுத்தளத்தைச் சேருங்கள். லோக்கல் டாட் டி ஃபோல்டரில் உங்கள் மதிப்புகளை வையுங்கள். பூட்ட வேண்டியதை அதற்குள் இருக்கும் லாக்ஸ் ஃபோல்டரில் எழுதுங்கள். கடைசியில் ரூட்டாக (முழு அதிகாரம் உள்ள கணக்கில்) டிகான்ஃப் அப்டேட் கட்டளை கொடுக்காவிட்டால் எதுவும் நடக்காது. வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலும் இந்தக் கட்டளைதான் விட்டுப்போயிருக்கும். ஏற்கெனவே தனக்கென மதிப்பு எழுதிவிட்ட மாணவருக்குப் பூட்டாத டீஃபால்ட் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

யாழினி: தமிழ்99 லேஅவுட் சேர்த்திருக்கேன், ஆனா 'க' இருமுறை அடிச்சா புள்ளி விழ மாட்டேங்குது.

பதில்: நீங்கள் சேர்த்தது எக்ஸ்கேபி லேஅவுட். அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டுமே தரும், முன்னால் என்ன அடித்தீர்கள் என்று பார்க்காது. 'க்க' தானாக வர இன்புட் மெத்தட் (அடித்ததைப் பார்த்து எழுத்தை அமைக்கும் நிரல்) வேண்டும். அப்படி ஒன்றான ஃபிசிடெக்ஸ்5-ஐயும், பல மொழி லேஅவுட்கள் அடங்கிய அதன் எம்17என் பொதியையும் நிறுவி, அதில் தமிழ்99-ஐச் சேருங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு பக்கத்தில் ஃபிசிடெக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுத்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். பழைய வழிகாட்டிகளைப் பார்த்து ஜிடிகே, க்யூடி இன்புட் மெத்தட் சூழல் மாறிகளை இடிசி என்விரான்மென்ட் கோப்பில் எழுதியிருந்தால், வேலேண்டில் அந்த இரண்டு வரியையும் எடுத்துவிடுங்கள்.

டீஃபால்ட்டை மாற்றியே ஆக வேண்டிய இடமும் இங்கே ஒன்று உண்டு. ஃபிசிடெக்ஸ் மொழி மாற்ற கன்ட்ரோல்-ஸ்பேஸை எடுத்துக்கொள்கிறது. நிரல் எழுதுகிறவருக்கு எடிட்டரில் ஆட்டோ கம்ப்ளீட்டும் அதே விசை. வலப்பக்க கன்ட்ரோலைத் தனியாக அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

மாறன்: சின்னதா ஒரு நோட்ஸ் செயலி எழுதறேன். பயனர்கள் தினம் ஒரு ஆப்ஷன் கேக்கறாங்க. எங்கே நிறுத்தறது?

பதில்: பத்து டிக் பெட்டி வைத்தால் 1,024 விதமான செயலிகள் ஆகிவிடும். நீங்கள் சோதிப்பது அதில் ஒன்று. உடல், மொழி, வன்பொருள் வித்தியாசத்தால் எழும் கோரிக்கை என்றால் தயங்காமல் சேருங்கள். பிழையைச் சுற்றிப் போவதற்காகக் கேட்டால் பிழையைத் திருத்துங்கள். உங்கள் குழுவுக்குள் முடிவெடுக்க முடியாததால் ஆப்ஷன் ஆக்குவது சோம்பேறித்தனம். அந்தச் சுமையைப் பயனர் தலையில் கட்டக் கூடாது.

டார்க் மோடுக்குத் தனி ஆப்ஷன் வைக்கும் முன், எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல் (டெஸ்க்டாப்பில் உள்ள விருப்பங்களைச் செயலிகளுக்குச் சொல்லும் சேவை) தரும் கலர் ஸ்கீம் விருப்பத்தைப் படியுங்கள், பயனர் ஏற்கெனவே சொல்லிவிட்டார். முதல்முறை திறக்கும்போதே எல்லா டீஃபால்ட்டையும் கோப்பில் எழுதிவிடும் பழக்கம் வேண்டாம். அப்படிச் செய்தால் பின்னால் நீங்கள் கண்டுபிடிக்கும் நல்ல டீஃபால்ட் பழைய பயனர் ஒருவரையும் சென்றடையாது.

ஹரி: கான்ஃபிக் ஃபோல்டர் முழுசையும் கிட்டில் (கோப்பு மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி) ஏத்திடலாமா சார்?

பதில்: கூடாது. குரோமியம் உலாவியின் முழு ப்ரொஃபைலும், குக்கி உட்பட, அதற்குள்தான் இருக்கிறது. கேடிஇகுளோபல்ஸ், க்வின்ஆர்சி, ஷார்ட்கட்டுக்கான கேகுளோபல்ஷார்ட்கட்ஸ்ஆர்சி போன்று பெயர் சொல்லி எடுங்கள். ஏதாவது உடைந்தால் முதலில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி அதில் நுழையுங்கள். அங்கே சரியாக இருந்தால் கோளாறு உங்கள் கான்ஃபிக்கில்.

தேவகி: எக்ஸ்எஃப்சிஇயில் பேனலின் எக்ஸ்எம்எல் கோப்பைத் திருத்தினா, மறுபடி லாகின் பண்ணதும் பழையபடி ஆயிடுது.

பதில்: எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பில் பின்னணியில் ஓடி அமைப்புகளைக் கவனிக்கும் எக்ஸ்எஃப்கான்ஃப் டீமன் மதிப்புகளை நினைவகத்தில் வைத்திருந்து, உங்கள் திருத்தத்தின் மேலேயே எழுதிவிடுகிறது. வெளியேறி, கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து, அந்த டீமன் ஓடவில்லை என்று உறுதிசெய்த பிறகு திருத்துங்கள். அல்லது ஓடும்போதே எக்ஸ்எஃப்கான்ஃப்-க்வெரி கட்டளையால் மாற்றுங்கள், அது டீமன் வழியாகவே போகும்.