480-ஐ 3-ஆல் வகுத்தால் போதுமா?

எங்கள் லேத்தில் (கடைசல் மெஷினில்) ஒரு பீஸுக்கு 3 நிமிடம். 8 மணி நேர ஷிப்டில் 160 வர வேண்டும். 105-ஐத் தாண்டவில்லை. ஆபரேட்டர் ஏமாற்றுகிறாரா?

இல்லை. இந்தச் சந்தேகத்தோடு அவரிடம் பேசிவிடாதீர்கள். முதலில் ஸ்டாப்வாட்ச்சோடு மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். 3 நிமிடம் என்பது டூல் வெட்டும் நேரம் மட்டும். ஜாபைப் பிடித்திருக்கும் ‘சக்’ என்ற பிடிப்பானைத் தளர்த்தி, ஜாபை எடுத்து, வெட்டிய உலோகச் சுருளைத் துடைத்துவிட்டு அடுத்ததை மாட்டி இறுக்க 40 விநாடியாவது ஆகும். ஆக, ஒரு பீஸுக்கு 220 விநாடி.

ஷிப்டின் 480 நிமிடமும் மெஷின் ஓடாது. இடைவேளைகளுக்கு 50, காலை செட்டிங்குக்கு 30, கடைசியில் சுத்தம் செய்ய 10 போனால் மிச்சம் 390 நிமிடம், அதாவது 23,400 விநாடி. 220-ஆல் வகுத்தால் 106. உங்கள் ஆள் 105 போடுகிறார். நல்ல வேலைக்காரர், விட்டுவிடாதீர்கள்!

எண்ணிக்கை கூட வேண்டுமா? அந்த 40 விநாடியைக் கவனியுங்கள். கையெட்டும் உயரத்தில் ஒரு ட்ரே வைத்து 15 விநாடி குறைத்தாலே 114 வரும்.

மணிக்கு கட்டிங் 60, டர்னிங் (லேத் வேலை) 25, ட்ரில்லிங் 40, கிரைண்டிங் 35 பீஸ். எங்கள் ஷாப்பின் திறன் எவ்வளவு? சராசரி 40 என்று சொல்லலாமா?

சராசரி இங்கே உதவாது. எல்லா பீஸும் நான்கு மெஷினையும் கடந்துதான் வெளியே வர வேண்டும் என்பதால் 25தான் உங்கள் திறன். கட்டிங்கை முழு வேகத்தில் ஓட்டினால் டர்னிங் முன்னால் மணிக்கு 35 பீஸ் குவியும், அவ்வளவுதான். பணமும் இடமும் அங்கேயே முடங்கும்.

இன்னொரு லேத் வாங்கினால் 50 ஆகும் என்று நினைக்காதீர்கள். அப்புறம் கிரைண்டிங் இடிக்கும், 35-இல் நின்றுவிடும். அந்தக் கூடுதல் 10 பீஸுக்கு லேத் விலை கட்டுபடியாகுமா என்று பாருங்கள். அதற்கு முன், இடைவேளையில் மாற்று ஆள் போட்டு இருக்கும் லேத்தை நிறுத்தாமல் ஓட்டிப் பாருங்கள். செலவு குறைவு.

ஓவர்டைம் போட்டதில் உற்பத்தி கூடியது. உற்பத்தித்திறன் குறைந்துவிட்டது என்கிறார் கணக்காளர். எப்படி?

இரண்டும் வேறு வேறு. 10 பேர் 8 மணி நேரத்தில் 400 பீஸ் செய்தால், 80 ஆள்-மணிக்கு 400, அதாவது ஆள்-மணிக்கு 5. இரண்டு மணி நேரம் கூடுதலாக நின்று 480 செய்தால், 100 ஆள்-மணிக்கு 4.8. களைத்த கை மெதுவாகத்தான் போகும். இதில் ரிஜெக்ட் ஆனதை 480-இல் சேர்த்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். தேறிய பீஸை மட்டும் எண்ணுங்கள்.

ஒரே நாளில் பல வகை ஜாப் ஓடுகிறது. எதை எண்ணுவது?

பீஸை விட்டுவிட்டு நிமிடத்தை எண்ணுங்கள். 6 நிமிட ஜாப் 40, 15 நிமிட ஜாப் 10 என்றால், 240 + 150 = 390 நிமிட வேலை. ஆள் 480 நிமிடம் இருந்தார், ஆகவே 81 சதவீதம். டூலோ, ஜாபைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்சரோ மாறினால் அந்த 6-ஐயும் 15-ஐயும் திரும்ப அளந்துவிடுங்கள்.