எண்ணெய் வேறு, ஈரம் வேறு: சுருட்டை முடிக்குக் குளிர்காலக் கேள்வி–பதில்

தினமும் தேங்காய் எண்ணெய் வைக்கிறேன். நெற்றியில் எண்ணெய் வழிகிறது. முடியைத் தொட்டால் வைக்கோல் மாதிரி இருக்கிறது. இன்னும் அதிகமாக வைக்க வேண்டுமா?
– வாசகி, ஊட்டி

வேண்டாம். உங்கள் முடிக்குக் குறைவது எண்ணெய் அல்ல, தண்ணீர். முடியை வளைந்துகொடுக்க வைப்பது அதற்குள் இருக்கும் நீர்தான். எண்ணெய் அதற்கு மேலே போடும் மூடி. காலிப் பானையை மூடி வைத்தால் உள்ளே என்ன சேரும்?

உச்சந்தலையில் ஊறும் எண்ணெய்ப்பசை நேர்முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். சுருட்டையிலோ ஒவ்வொரு வளைவிலும் தேங்கிவிடும். அதனால்தான் ஒரே தலையில் வேர்ப்பக்கம் பிசுபிசுப்பு, நுனிப்பக்கம் வறட்சி. வளைவுகளில் முடியின் மேற்செதில்கள் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்பதால் உள்ளே இருக்கும் ஈரமும் சீக்கிரம் வெளியேறும்.

தேங்காய் எண்ணெயைக் குளித்த பிறகு வைப்பதைவிடக் குளிப்பதற்கு முன் வையுங்கள். அது முடிக்குள் ஊறி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் ஆயிலும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. (தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தாரே செய்த ஆய்வு என்பதையும் சொல்லிவிடுகிறோம்.) தோள்வரை முடிக்கு 2 டீஸ்பூன் போதும். பாதி முடியிலிருந்து நுனிவரை தடவி, அரை மணி நேரமாவது ஊறவிடுங்கள்.

ஊட்டிக்கென்று தனியாக ஒன்று. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். பாட்டிலுக்குள் மட்டுமில்லை, உங்கள் முடியின் மேலும்தான். குளித்த பிறகு அதைத் தடவினால் மெழுகு பூசியதுபோல் முடி விறைத்து, மங்கலாகத் தெரியும். பின்பூச்சுக்கு நல்லெண்ணெயோ பாதாம் எண்ணெயோ 3, 4 சொட்டு, அதுவும் முடி ஈரமாக இருக்கும்போதே.

லீவ்-இன் (அலசாமல் முடியிலேயே விட்டுவிடும் கண்டிஷனர்), கிரீம், ஜெல் என்று அடுக்கடுக்காகச் சொல்கிறார்கள். எது முதலில், எவ்வளவு? எல்லாம் போட்டும் காய்ந்ததும் பம்மென்று எழும்பிக்கொள்கிறது.
– வாசகி, கோவை

பெரும்பாலும் தவறு பொருளில் இருக்காது, நேரத்தில் இருக்கும். துவட்டிய பிறகு தடவுகிறீர்கள் என்று நினைக்கிறோம். தண்ணீர் சொட்டும்போதே தடவ வேண்டும்.

குளிர்காலத்தில் வாரத்துக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை தலைக்குக் குளித்தால் போதும். வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீர். ஒரு டீஸ்பூன் ஷாம்பூவை அரை மக் தண்ணீரில் கலந்து உச்சந்தலையில் மட்டும் தேயுங்கள். வழிந்து வரும் நுரையே நுனிக்குப் போதுமானது. சீயக்காய்ப் பொடி என்றால் வடிகட்டிய கரைசல்தான். திப்பி சுருளுக்குள் சிக்கினால் அதை எடுப்பதற்குள் பாதி முடி கையோடு வந்துவிடும்.

கண்டிஷனர் 2 டேபிள்ஸ்பூன், காதுமட்டத்திலிருந்து நுனிவரை. அது முடியில் இருக்கும்போதே பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுங்கள். சுருட்டை முடியைச் சீப்பால் வார வேண்டிய நேரம் இது ஒன்றுதான். காய்ந்த முடியில் சீப்பு போட்டால் சுருள் பிரிந்து பஞ்சாகிவிடும். 3 நிமிடம் கழித்து அலசுங்கள். கொஞ்சம் வழுவழுப்பு மிச்சமிருக்கட்டும்.

இனிதான் அடுக்கு. முடியைப் பிழியாமல், குளியலறையிலேயே தலையைக் குனிந்து லீவ்-இன் கண்டிஷனர் 1 டீஸ்பூன். அதன் மேல் ஜெல் 1 டேபிள்ஸ்பூன், இரு உள்ளங்கைக்கு நடுவே முடியை வைத்து வழித்துவிடுவதுபோல. பிறகு நுனியை உள்ளங்கையில் ஏந்தி வேர்ப்பக்கம் தூக்கிக் கசக்குங்கள். சளக் சளக் என்று சத்தம் வந்தால் ஈரம் சரி. சத்தமே இல்லையென்றால் இன்னும் ஒரு கை தண்ணீர். கிரீமும் வேண்டுமென்றால் ஜெல்லுக்கு முன்னால். மெல்லிய முடிக்கு அது பாரம், சுருள் தொய்ந்துவிடும்.

மிச்சத் தண்ணீரைப் பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். துண்டின் நூல்வளையங்கள் செதிலைக் கிளப்பிவிடும். டிரையர் போடுவதானால் காற்றைப் பரப்பிவிடும் டிஃப்யூசர் மூடியை மாட்டி, நடுத்தரச் சூடு, குறைந்த வேகம். முக்கால்வாசி காயும்வரை முடியைத் தொடவே கூடாது. முழுக்கக் காய்ந்ததும் ஜெல் மொறமொறவென்று இறுகி நிற்கும். அதைக் கண்டு பயந்து பலர் மறுபடி அலசிவிடுகிறார்கள். இரண்டு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு மெதுவாகக் கசக்குங்கள். ஓடு உடைந்து உள்ளே மெத்தென்ற சுருள் இருக்கும்.

சென்னையில் நன்றாக இருந்த அதே கிரீம், டெல்லிக்கு வந்த பிறகு முடியை இன்னும் வறட்சியாக்குகிறது. போலிப் பொருளா?
– வாசகர், டெல்லி

போலியாக இருக்க வேண்டியதில்லை. பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். முதல் ஐந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். கிளிசரின் நீரைப் பிடித்து வைக்கும் பொருள். சென்னையில் மார்கழியிலும் காற்றில் ஈரம் உண்டு. அதற்கு வேலை இருக்கிறது. சொல்லப்போனால் அங்கே அளவு கூடினால் நீரை அதிகமாக இழுத்து முடியைப் பொங்கவைக்கும். ஹீட்டர் ஓடும் அறையில் காற்றே காய்ந்து கிடக்கிறது. இழுக்க வெளியே ஒன்றுமில்லாதபோது கிளிசரினால் பயனில்லை, முடியிலிருக்கும் ஈரம்தான் காற்றுக்குப் போகும்.

அதனால் குளிர்காலம் என்றதும் எல்லோருக்கும் ஒரே கிரீமைச் சொல்வது சரியில்லை. உங்களுக்கு இப்போது ஷியா பட்டர், செடைல் ஆல்கஹால், செடியரைல் ஆல்கஹால் முன்வரிசையில் இருக்கும் கிரீம் வேண்டும். ஆல்கஹால் என்ற பெயரைப் பார்த்து ஒதுக்காதீர்கள். இவை மெழுகு போன்ற கொழுப்புகள், ஈரத்தை மூடிக் காப்பவை. முடியை உலர்த்துவது ‘ஆல்கஹால் டினாட்’ என்று எழுதியிருப்பது. மார்ச்சில் பழைய கிரீமுக்குத் திரும்பலாம்.

குழாயில் வருவது உப்புத் தண்ணீரா என்றும் பாருங்கள். ஷாம்பூ நுரைக்கவே மறுத்தால் சுண்ணாம்புச் சத்து முடியில் படிகிறது என்று பொருள். மாதம் ஒரு முறை, சுண்ணாம்பைப் பிடித்து இழுக்கும் இ.டி.டி.ஏ. சேர்ந்த ஷாம்பூ போட்டால் அந்தப் படிவு போகும்.

ஆளி விதையில் ஜெல் செய்தேன். வடிகட்டவே முடியவில்லை. கஷ்டப்பட்டு எடுத்ததும் நான்கு நாளில் கெட்டுவிட்டது.
– வாசகி, சேலம்

ஆறவிட்டிருப்பீர்கள். கால் கப் விதைக்கு 2 கப் தண்ணீர், மிதமான தீ, கிளறிக்கொண்டே இருங்கள். 7 முதல் 10 நிமிடத்தில் வெள்ளை நுரை கட்டும். கரண்டியிலிருந்து முட்டையின் வெள்ளைக்கருபோல் நூலாக இறங்கும்போது உடனே இறக்கி, சூட்டோடு வடிகட்ட வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் கோந்தாகிவிடும். ஆறும்போது தானே கெட்டிப்படும் என்பதால் அடுப்பில் சற்று நீர்த்திருப்பதே சரியான பதம். சமையலறை வடிகட்டி அடைத்துக்கொண்டால், சுத்தமான நைலான் காலுறையில் ஊற்றி இடுக்கியால் பிழியுங்கள்.

இதில் பதப்படுத்தும் மருந்து ஏதும் இல்லை. ஃபிரிட்ஜில் ஒரு வாரம், அவ்வளவுதான். ஐஸ் டிரேயில் உறையவைத்துத் தேவைக்கு இரண்டு கட்டி எடுத்துக்கொள்ளலாம். செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் கொழகொழப்பான தாளியும் இதே வேலையைச் செய்யும், பிடிமானம் மட்டும் குறைவு.

முட்டை தடவினால் முடிக்குப் புரதம் ஏறுமா?
– வாசகர், மதுரை

ஏறாது. முட்டைப் புரதத்தின் மூலக்கூறு முடிக்குள் நுழைய முடியாத அளவு பெரிது. வெந்நீரில் அலசினால் தலையிலேயே வெந்துவிடும். ஆம்லெட் போடுங்கள்.

என் 8 வயது மகளுக்கு நெருக்கமான சுருட்டை. பள்ளிவிட்டு வந்து கம்பளித் தொப்பியைக் கழற்றினால் முடி விறைத்து நிற்கிறது, பின்கழுத்துப் பக்கம் உடைந்தும் போகிறது.
– வாசகி, டொரொண்டோ

0 டிகிரிக் குளிரில் முழு ஈரத்தோடு இருக்கும் காற்றைக்கூட 22 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மைனஸ் 10 என்றால் சுமார் 10 சதவீதம். அந்த வறட்சியில் கம்பளி உரசினால் நிலைமின்சாரம் ஏறும். தொப்பிக்குள் சாட்டின் துணியை உள்தையல் போட்டுக் கொடுங்கள், அல்லது மெல்லிய சாட்டின் குல்லாவைப் போட்டு அதன் மேல் தொப்பி. பின்கழுத்தில் உரசுவது பெரும்பாலும் கோட்டுக் காலரும் மஃப்ளரும்தான். இரட்டைப் பின்னலைத் தளர்வாகப் போட்டு நுனியை மேலே மடித்துக் கட்டிவிட்டால் அந்த உரசல் இருக்காது.

தலைக்குக் குளிப்பதை சனிக்கிழமை பகலில் வைத்துக்கொள்ளுங்கள். ஈர முடியோடு உறைகுளிரில் போனால் முடியிலுள்ள நீர் உறைந்து, மடங்கும் இடத்தில் முறியலாம். இடைநாட்களில் ஸ்ப்ரே பாட்டிலில் கால் லிட்டர் தண்ணீருக்கு 1 டேபிள்ஸ்பூன் கண்டிஷனர் கலந்து, காலையில் லேசாகத் தெளித்துக் கையால் நீவினால் போதும். அறைக்காற்றில் ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் இருந்தால் 30–40 சதவீதத்தில் வையுங்கள். சன்னல் கண்ணாடியில் நீர் வழியத் தொடங்கினால் குறையுங்கள்.

மார்கழி முழுக்க விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டுக் கோயிலுக்குப் போகிறேன். முடியில் வாடை, பொடுகு. எண்ணெய் வைத்தால் பொடுகு அடங்கும் என்கிறார் மாமியார்.
– வாசகி, ஸ்ரீரங்கம்

எண்ணெய் வைத்ததும் பொடுகுச் செதில் ஒட்டிக்கொள்ளும், அதனால் தெரியாது. ஆனால் பொடுகோடு சேர்ந்த மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெய்ப்பசையை உண்டுதான் வளர்கிறது. உச்சந்தலையில் எண்ணெயை நிறுத்துங்கள், நுனிக்கு வைக்கலாம். கீட்டோகொனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இரு முறை, உச்சந்தலையில் மட்டும், 3 முதல் 5 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். நுனிக்கு அதற்கு முன்பே கண்டிஷனர் பூசிவிட்டால் வறளாது.

வாடைக்குக் காரணம் கொண்டைதான். அடர்த்தியான சுருட்டை, கொண்டைக்குள் மதியம்வரை காயாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் தலை நனையட்டும், மற்ற நாட்களில் உடம்புக்குக் குளித்தால் போதும். நனைந்த நாளில் நுனி முடிச்சு மட்டும் போட்டு விரித்து விடுங்கள். சாம்பிராணிப் புகை காட்டுவதானால் ஒரு முழம் தள்ளி. கனல் கிட்டே வந்தால் நுனிதான் முதலில் கருகும். நான்கு வாரத்தில் பொடுகு குறையாவிட்டால், அல்லது புருவத்திலும் மூக்கோரத்திலும் செதில் கிளம்பினால், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.